எட்டு லிட்டர் சாட்சி

கைப்பிடியைத் திருகாதீர்கள் அக்கா, அது சுற்றும், ஆனால் திறக்காது. அந்தப் பக்கத்துக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். நான் வந்து திறந்து விடுகிறேன், ஆனால் இப்போது வேண்டாம். அரை மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி. அந்த சவுக்கு மரத்தைத் தாண்டி வெயில் பானெட் மேல் விழுந்ததும் வண்டி தானாகக் கிளம்பும். மூன்று வாரமாக நான் கவனித்துக் கண்டுபிடித்த விதி இது. காலையில் நிற்கும், வெயில் வந்தால் ஓடும்.

பதினொரு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டும், ஏதோ விசாரணை, போகாவிட்டால் வேலை போய்விடும் என்று கோத்தகிரியில் ஏறும்போது சொன்னீர்கள். மறக்கவில்லை. மணி இப்போது எட்டுகூட ஆகவில்லை. எனக்கும் மூன்று மணிக்குக் கோயம்புத்தூரில் துறைத்தலைவர் மேசை முன்னால் நிற்க வேண்டும். வருகைப் பதிவு குறைந்துவிட்டது. மன்னிப்பு விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை எழுத விடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். இன்றுதான் கடைசி நாள். நான் பதறுகிறேனா?

அந்த பஸ் போகட்டும் அக்கா. கை காட்டாதீர்கள். படியில் தொங்குகிறார்கள், நீங்கள் எங்கே ஏறி எங்கே நிற்பது? அடுத்தது ஒன்பதரைக்குத்தானா? அதற்குள் நாம் மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

நான் பேசுவது நியூஸ் வாசிப்பது மாதிரி இருக்கிறதா? எல்லாரும் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன், விவாதக் குழுவுக்கு நான்தான் தலைவி. தொடர்ந்து பதினாறு போட்டிகளில் தோற்றதில்லை. பழகிவிட்டது. மிருதுளா என்று பெயர் வைத்துவிட்டு அப்பா இப்போது வருத்தப்படுகிறார்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கார் ஏன் இந்த வளைவில் நிற்கிறது என்று உங்களுக்குப் புரியும். அப்பா டீ ஃபேக்டரியில் டீமேக்கர். பச்சை இலை எந்த நிமிடத்தில் பக்குவமாகிறது, எப்போது அடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். ஃபேக்டரி சம்பளம் கொடுப்பது அப்பாவின் மூக்குக்குத்தான் என்று அம்மா சொல்வாள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு உலகத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. எனக்கு மூக்கில் நம்பிக்கை இல்லை. ஆதாரத்தில்தான் நம்பிக்கை. அதுவும் இந்த முறை பொங்கலுக்கு வந்த அன்றே சளி பிடித்து, இன்று வரை மூக்கு அடைத்தே இருக்கிறது. டீக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கார் எழுபத்தொன்றாம் வருடத்து பியட். என்னைவிட முப்பது வயது மூத்தது. பொங்கலுக்கு மறுநாள் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். "இப்ப வர்ற பெட்ரோல்ல சத்தே இல்லம்மா. வண்டி ஏத்தத்துல முக்குது."

சத்து! அது என்ன அறிவியல் சொல்லா? பெட்ரோல் என்ன ராகிக் களியா? நான் விடவில்லை. அன்று ராத்திரியே படித்தேன். பழைய என்ஜின்களுக்குப் பெட்ரோலின் வீரியத்தைக் கூட்ட நாஃப்தலீன் உதவும் என்று எண்பது வருடத்துக்கு முந்தைய கட்டுரை ஒன்று கிடைத்தது. நாஃப்தலீன் என்றால் வேறொன்றுமில்லை, பாச்சை உருண்டை. கட்டுரையை மட்டும் நம்பிவிடவில்லை அக்கா, நான் சோதித்தேன். மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடி டம்ளரில் பெட்ரோல் ஊற்றி ஒரு உருண்டையைப் போட்டேன். கால் மணி நேரத்தில் கரைந்து காணாமல் போனது. அடியில் ஒரு தூசி இல்லை. நிரூபணம்! அதற்குப் பிறகுதான் அம்மாவின் கம்பளிப் பெட்டியில் இருந்த அறுபது உருண்டையையும் டேங்கில் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டி பறந்தாலும் பறக்கவில்லை என்பார். பரிசோதனையில் பாரபட்சம் வரக்கூடாது இல்லையா?

அன்று சாயங்காலம் மார்க்கெட் ஏற்றத்தில் வண்டி எப்படி ஏறியது தெரியுமா? அப்பாவே, "என்னவோ இன்னிக்கு நல்லா இழுக்குதே" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வண்டி நன்றாக இருந்தது என்பதற்கு. பிரச்சினை மறுநாள்தான் ஆரம்பித்தது. பதினேழாம் தேதி மத்தியானம் நானே ஓட்டிப்போய் பெட்ரோல் பங்க்கில் ஐந்து லிட்டர் போட்டு வந்தேன். பதினெட்டாம் தேதி விடியற்காலை அப்பா என்னைக் கோயம்புத்தூரில் விடக் கிளம்பினார். இரண்டு கிலோமீட்டர். அவ்வளவுதான். இருமியது, குலுங்கியது, நின்றது. நீங்களே சொல்லுங்கள். முந்தின நாள் வரை ஓடிய வண்டி. இடையில் புதிதாக உள்ளே போனது ஒன்றே ஒன்று. அந்த ஐந்து லிட்டர். இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படிக்க வேண்டுமா?

அப்பா போஜண்ணனைக் கூட்டி வந்தார். போஜண்ணன் எங்கள் மெக்கானிக், அதிகம் பேசமாட்டார். வாயில் ஸ்பானரைக் கவ்விக்கொண்டு, "பம்ப்பு சார்" என்றார். இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் என்ஜின் பக்கவாட்டில் இருக்கும். உள்ளே டயாஃப்ரம் என்று ஒரு ரப்பர் துணி, அது மேலும் கீழும் துடித்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். பழையது வெடிப்பு விட்டிருந்தது. "இதுதான் சார்." கோயம்புத்தூரிலிருந்து புதிது வரவழைக்க ஆறு நாள். நான் அன்றே சொன்னேன், பம்ப் இல்லை, பெட்ரோல்தான் என்று. "பஸ்ல போயிரும்மா மிருது, கிளாஸ் போகுதில்ல" என்றார் அப்பா. நியாயமா? ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தரப்பை பஸ் ஏற்றி அனுப்புவதா? முடிவு தெரியாமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

புது டயாஃப்ரம் வந்தது. ஆறு திருகாணியையும் நானே முடுக்கினேன், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, அப்போதுதான் ஒழுகாது. மத்தியானம் ஓட்டிப் பார்த்தோம், பக்கத்து ஊர் கட்டபெட்டு வரை போய் வந்தது. மறுநாள் காலை? அதே இரண்டு கிலோமீட்டர், அதே இருமல்.

அப்போது நான் போஜண்ணனை ஒரு பார்வை பார்த்தேன். அவர் ஸ்பானரை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

அடுத்தது டேங்க். டேங்க்குக்குள் குழாயின் நுனியில் ஒரு சல்லடை உண்டு, விரல் நீளம். அதை விடியற்காலையில் கழற்றினால் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கும், கற்கண்டைப் பொடித்த மாதிரி. பம்ப் மூடிக்குக் கீழே இருக்கிற சின்னச் சல்லடையிலும் அதே. மத்தியானம் கழற்றினால் ஒன்றுமே இருக்காது, சுத்தமாக இருக்கும். பெட்ரோலில் எதையோ கலந்தால் ஒழிய இப்படி நடக்குமா அக்கா? உப்போ, சர்க்கரையோ, ஏதோ ரசாயனமோ. அயோக்கியத்தனம். அன்றைக்கே நான் புகார் எழுத உட்கார்ந்தேன்.

ஆ, ஒன்று சொல்ல மறந்தேன். அன்று ஒரு வேடிக்கை. அப்பா அந்தச் சல்லடையைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். சொன்னேன் இல்லையா, எல்லாவற்றுக்கும் மூக்குதான். பிறகு போஜண்ணனிடம் நீட்டினார். அவர் முதல்முறையாக ஸ்பானரை வாயிலிருந்து எடுத்துவிட்டு மோந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, கம்பளிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். நடுவில் எதற்கோ கம்பளி! வயதாகிறது, குளிர் தாங்கவில்லை போல.

திரும்பி வந்து, "மிருது, டேங்கை காலி பண்ணிடலாமா?" என்றார். ரொம்ப மெதுவாக, குழந்தையிடம் பேசுவது மாதிரி.

எனக்கு எப்படி இருக்கும்? காலி பண்ணுவதாம்! உள்ளே இருக்கிற எட்டு லிட்டர்தான் என்னுடைய ஒரே சாட்சி. அதைக் கீழே கொட்டிவிட்டால் பங்க்காரன் மேல் எதை வைத்து நான் வழக்குப் போடுவது? "சாட்சியத்தை அழிக்கப் பார்க்கிறீங்களா அப்பா?" என்று கேட்டேன். "இல்லம்மா, நான் சொல்ல வர்றது என்னன்னா..." என்று ஆரம்பித்தார். ஆரம்பிக்கும்போதே எனக்குத் தெரியும், இவர் சமாதானம் பேசப் போகிறார் என்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சமாதானம் பேசுகிறவர்களால்தான் நாடு கெட்டது என்று ஒரு இருபது நிமிடம் விளக்கினேன். முடிக்கும்போது அவர் இல்லை. ஃபேக்டரி சைரன் ஊதியதும் போய்விட்டிருந்தார். டேங்க் மூடியைப் பூட்டி, சாவியை என் செயினில் கோத்துக்கொண்டேன். இதோ பாருங்கள்.

மணி என்ன? எட்டரையா? வெயில் இன்னும் அந்த மரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இருங்கள், ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்க்கிறேன்.

ம்ஹும். பரவாயில்லை.

கடிதத்தைச் சொன்னேன் அல்லவா. முதல் கடிதம் எண்ணெய் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்கு, நகல் கலெக்டருக்கு. நான்கு பக்கம். ஆள் வந்தார்கள், பங்க்கில் சாம்பிள் எடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். டேங்கிலிருந்து எடுக்க நான் விடவில்லை, அவர்கள் பங்க்காரனுக்கு வேண்டியவர்களாக இருந்தால்? நான்கு நாளில் பதில் வந்தது. பங்க் பெட்ரோல் சுத்தமாக இருக்கிறதாம். வேறு யாராவதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். நான் யோசித்தேன். பங்க்கின் நிலத்தடித் தொட்டி சுத்தம். என் டேங்கில் கலப்படம். அப்படியானால் நடுவில் இருப்பது என்ன? ஒரு குழாய். குழாயைப் பிடித்த ஒரு கை. இரண்டாவது கடிதம் எழுதினேன். அதுதான் அக்கா நான் எழுதியதிலேயே சிறந்தது. அரைப் பக்கம்தான். "ஆதலால் எரிபொருளை நிரப்பிய ஊழியரின் கை வழியாகவே கலப்படம் நுழைந்திருக்க முடியும், இதற்கு மாற்றாக வேறொரு விளக்கம் இருப்பின் நிறுவனமே அதை நிரூபிக்கக் கடமைப்பட்டது." எப்படி? எங்கள் பேராசிரியருக்கு அனுப்பினேன், கைதட்டும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார்.

யார் அந்த ஊழியர் என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒரு பெண், நீலச் சட்டை. நான் ஜன்னலை இறக்கி நோட்டை நீட்டினேன், மீதியை வாங்கினேன், அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆள் முக்கியமில்லை, கொள்கைதான்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? எனக்குத் தெரியாமல் பங்க் மேனேஜரைப் போய்ப் பார்த்திருக்கிறார். யார் மேலும் நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். புகார் கொடுத்தவர் எழுதிக் கொடுத்தால்தான் ஆகும் என்று அவர்கள் அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லி, "வாபஸ் வாங்கிரும்மா. ஒரு பொண்ணுக்கு வேலை போயிரும்" என்றார். சாப்பிடும்போது சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்குமா? தப்புச் செய்தவர் பெண் என்றால் விட்டுவிடுவதா? அதுதான் பெண்ணுரிமையா? இதைக் கேட்டேன். அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். தோற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் அவரும் போஜண்ணனும் வந்து சல்லடையைக் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள். "பஸ்ல போயிரும்மா." அதை மட்டும் சொல்வார். மூன்று வாரம் அக்கா. ஒரு கார் என்னை அந்த வீட்டில் பிடித்துக் கட்டிப்போட்டது. வகுப்பு போச்சு, ஒரு விவாதப் போட்டி போச்சு. யாராலே? அந்த ஐந்து லிட்டராலே.

முந்தாநாள் துறையிலிருந்து மெயில் வந்தது. இன்றைக்குள் வராவிட்டால் பரீட்சை இல்லை என்று. என் விண்ணப்பத்தில் காரணம் எழுதியிருக்கிறேன்: "கலப்பட எரிபொருளால் வாகனம் பழுதடைந்து, அது குறித்த சட்டப் போராட்டத்தில் ஈடுபட்டிருந்ததால்." இரண்டு கடிதங்களின் நகலும் இணைப்பு. வெறும் காய்ச்சல் என்று எழுதுகிறவர்களுக்கு நடுவில் இதைப் பார்த்தால் துறைத்தலைவர் கையெழுத்துப் போடாமல் இருப்பாரா? கூடவே இந்தக் காரையே கொண்டுபோய் வேதியியல் துறையில் நிறுத்தி, எட்டு லிட்டரையும் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன். அதனால்தான் பஸ்ஸில் போகவில்லை. அப்பா ஃபேக்டரிக்குப் போனதும் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் உங்களைப் பார்த்தேன், காரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பழைய கார் என்றால் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பாவம், குளிரில் நிற்கிறார்களே என்று ஏற்றிக்கொண்டேன்.

ஒன்பது ஐந்தா? சரி, இனி வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பம்ப்பின் மூடியைக் கழற்றிச் சின்னச் சல்லடையைத் துடைத்தால் கொஞ்ச தூரம் போகும். நானே செய்வேன், பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். வாருங்கள், உங்கள் கதவைத் திறக்கிறேன். எனக்கு ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும்.

முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், கிரீஸ் படும். இந்தத் திருகாணி ஒன்றுதான். மூடி வந்துவிட்டது. இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சாய்க்காதீர்கள். பார்த்தீர்களா, வெள்ளை வெள்ளையாக? இதைத்தான் சொன்னேன். இதுதான் நம் ஊர் பங்க்கின் லட்சணம்.

என்ன அக்கா, நீங்களும் மோந்து பார்க்கிறீர்கள்? அப்பா மாதிரியே இருக்கிறதே.

பாச்சை உருண்டை வாசமா? அது என் ஸ்வெட்டராக இருக்கும். மலையில் எந்த வீட்டில்தான் அந்த வாசம் இல்லை?

இல்லை, கையில் இருப்பதே அதுதான் என்கிறீர்களா? நசுக்கிப் பார்த்தீர்களா? எனக்குத்தான் மூக்கு அடைத்திருக்கிறதே. ஆனால் அது முடியாது அக்கா. கரைந்துவிட்டது, நானே பார்த்தேன். டம்ளரில்...

மத்தியான வெயிலில். ஆமாம், மத்தியானம்தான். அதனால் என்ன?

தேங்காய் எண்ணெயா?

உறையும். பனிக்காலத்தில் எங்கள் வீட்டிலும் உறையும். விடியற்காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால்கூட வராது. வெயிலில் வைத்தால்...

இருங்கள். பேசாதீர்கள். ஒரு நிமிடம்.

ஒரு டம்ளருக்கு ஒன்று போட்டேன். எட்டு லிட்டருக்கு அறுபது. பகலில் கரையும், ராத்திரி குளிரில் மறுபடியும்... வெள்ளையாக, கற்கண்டு மாதிரி. காலையில் நிற்கும், வெயில் வந்தால் ஓடும். நானே சொன்னேன் அக்கா. விதி என்று நானே பெயர் வைத்தேன்.

அப்பாவுக்குத் தெரியும். மோந்து பார்த்தாரே. கம்பளிப் பெட்டி எங்கே என்று கேட்டாரே! பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். இரண்டு வாரமாகத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? ஏன் சொல்லவில்லை?

"சொல்ல விட்டியா"வா? நல்ல கேள்வி. நீங்கள்கூட இப்போது என்னை...

சரி. விடுங்கள். தப்பு என்னுடையதுதான் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நஷ்டம் என்று யாருக்கும் இல்லை. ஒரு டயாஃப்ரம், என் மூன்று வாரம். புகாரைப் பிறகு வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். பரீட்சை முடியட்டும், நிதானமாக ஒரு கடிதம் எழுதி... ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு நேரமாகிறது, தெரியும். பதினொரு மணி. விசாரணை.

என்ன விசாரணை என்று நான் கேட்கவே இல்லை, இல்லையா?

மேட்டுப்பாளையத்தில் முதலாளியின் ஆபீஸா? எந்த முதலாளி?

...

அந்த நீலச் சட்டை நீங்களா? காரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதா? பிறகு ஏன் ஏறினீர்கள்? நானாக இருந்தால் கல்லை எடுத்து எறிந்திருப்பேன். ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் ஏறினீர்களா? "நான் என்னத்தம்மா கலந்தேன்?" அவ்வளவுதானா? கோத்தகிரியிலிருந்து இந்த வளைவு வரை, நின்ற பிறகு இந்த ஒன்றரை மணி நேரமும், அதைக் கேட்க நான் இடம் கொடுக்கவில்லை. "எரிபொருளை நிரப்பிய ஊழியரின் கை." வேண்டாம் அக்கா, சொல்லாதீர்கள். அது உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டாம். மேனேஜர் எல்லார் முன்னாலும் வாசித்தாரா? இரண்டு முறையா?

உங்கள் பெயர் என்ன?

ஜெசிந்தா. அதுகூட எனக்குத் தெரியாது.

எத்தனை நாளாக வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்? ஆறு நாள். நான் சாப்பாட்டு நேரத்தில் பெண்ணுரிமை பேசியது எப்போது? அதற்கு முந்தின நாளோ என்னவோ. இரண்டு பிள்ளைகளா? சரி. சரி, நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். நான் பேசவில்லை.

ஹாரன் கேட்கிறதா? அதுதான் ஒன்பதரை பஸ். இருங்கள், நான் நடு ரோட்டில் நிற்கிறேன், இல்லாவிட்டால் நிறுத்தாமல் போய்விடுவான். அண்ணா! அண்ணா, நிறுத்துங்க! ஆள் இருக்கு! ரெண்டு பேர்!

ஆமாம், ரெண்டு பேர்தான். நானும் வருகிறேன். கார் நிற்கட்டும், யார் எடுத்துப் போகப் போகிறார்கள்? இல்லை, வெயில் வந்தாலும் வேண்டாம், இனி இதை நம்பி உங்களை ஏற்றமாட்டேன். பையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சாவி... டேங்க் சாவி இங்கேயே சீட்டில் கிடக்கட்டும். அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால், சிக்னல் கிடைக்கும்போது போகும். போஜண்ணனைக் கூட்டி வந்து காலி பண்ணட்டும்.

அந்த ஜன்னல் பக்கம் உட்காருங்கள் அக்கா. இடம் இருக்கிறது.

மூன்று மணிக்கா? முடியாது. நேரம் இருந்தாலும் முடியாது. அந்த விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா. பதினொரு மணிக்கு ஒரு இடத்தில் ஒன்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கு இன்னொரு இடத்தில் வேறு சொல்ல முடியுமா? இணைப்பு இரண்டையும் எடுத்துவிட்டால் காரணம் என்று எழுத ஒன்றுமில்லை. போகட்டும். ஒரு வருடம்தானே. இல்லை, "தானே" இல்லை. ஆனால் போகட்டும்.

விசாரணையில் நான் பேசுகிறேன் அக்கா, நீங்கள் பயப்படாதீர்கள். யார் யார் இருப்பார்கள்? முதலாளி, மேனேஜர், கம்பெனி ஆள். நல்லது. முதலில் அவர்கள் சாம்பிள் அறிக்கையையே எடுத்துக்கொள்வேன். அதன் முரண்பாடுகளைக் காட்டுவேன். பிறகு இயற்கை நீதிக் கோட்பாடு. உங்கள் தரப்பைக் கேட்காமல் ஆறு நாள் நிறுத்தி வைத்தது எந்த விதியின் கீழ்? அதற்குப் பிறகு நாஃப்தலீனின் கரைதிறன், வெப்பநிலை, ஒரு பத்து நிமிடத்தில்...

என்ன?

அதெல்லாம் வேண்டாமா? ஒரே ஒரு வரி சொன்னால் போதுமா?

எந்த வரி?

...அது எனக்குத் தெரியும் அக்கா. அதைச் சொல்லத்தானே வருகிறேன். ஆனால் அதை மட்டும் தனியாக எப்படிச் சொல்வது? காரணம் சொல்ல வேண்டாமா? நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று? நீங்கள் சொல்வது புரிகிறது. நான் பேச ஆரம்பித்தால் கடைசியில் தப்பு யார் மேலேயாவது போய் விழுந்துவிடும், அதுதானே? ஏற்கெனவே ஒருமுறை விழுந்தாயிற்று.

சரி. சொல்லிப் பார்க்கிறேன். கேளுங்கள்.

"டேங்க்ல பாச்சா உருண்டை போட்டது நான்தான். ஆனா அந்தக் கட்டுரையில..."

சரி. சரி, மறுபடியும்.

"டேங்க்ல பாச்சா உருண்டை போட்டது நான்தான். ஜெசிந்தாக்கா ஒண்ணும் பண்ணல."

இரண்டு வரி ஆகிவிட்டது. பரவாயில்லையா? இரண்டாவது வரி இருக்கலாமா?

அதற்குப் பிறகு அக்கா? அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்போது நான் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்பதா?

எவ்வளவு நேரம்?